ஏலியன்: ஐசொலேஷன் – மருத்துவப் பகுதியில் அந்த ஜந்து ஏமாற்றி ஆடுகிறதா?

பூட்டியகதவு:
விண்வெளி நிலையத்தில் ஓர் ஏலியனிடம் சிக்காமல் ஒளிந்து தப்பிக்கும் இந்த 2014 திகில் கேமை இப்போதுதான் எடுத்தேன். ஐந்தாவது மிஷன், சான் கிறிஸ்டோபல் மருத்துவப் பகுதி, ஹார்ட் மோட் (கடினமான நிலை). லாக்கருக்குள் ஒளிந்து நிற்கிறேன், அது முகர்ந்துவிட்டுப் போகிறது, அப்பாடா என்று வெளியே வந்து நாலு எட்டு வைத்தால் மேலே வென்ட்டிலிருந்து (கூரைக் காற்றுக்குழாய்) தொப்பென்று குதிக்கிறது. எந்த அறைக்குப் போனாலும் இதே கதைதான். நான் இருக்கும் இடம் அதற்கு எப்போதுமே தெரியுமா? தெரியும் என்றால் எதற்கு ஒளிந்துகொண்டு கிடக்க வேண்டும்?

நிழல்நடை:
பாதி தெரியும். உள்ளே இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. ஒன்று டைரக்டர், கேமைப் பின்னாலிருந்து நடத்தும் நிரல், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அதற்கு எப்போதும் தெரியும். ஆனால் அது ஏலியனிடம் சரியான இடத்தைச் சொல்லாது, "அந்தப் பக்கம் போய்ப் பார்" என்கிற அளவுக்குத்தான் விரட்டும். இரண்டாவது மூளை ஏலியனுடையது, அங்கே வந்தபிறகு அது தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் உங்களைத் தேடியாக வேண்டும். இன்னொரு விஷயம், ஏலியன் உங்கள் பக்கத்திலேயே ரொம்ப நேரம் சுற்றினால் உங்களுக்கான பதற்ற அளவு ஏறிவிட்டது என்று டைரக்டரே அதை வென்ட்டுக்குள் திருப்பி அனுப்பிவிடும். அந்த இடைவெளிதான் உங்களுக்கானது. லாக்கரிலேயே உட்கார்ந்து அதை வீணாக்கினால் அடுத்த சுற்றுக்கு மறுபடி உங்கள் பக்கமே அனுப்பப்படும். அது மேலே ஏறிய சத்தம் கேட்டதும் கிளம்புங்கள், ஆனால் ஓடாமல். வென்ட்டுக்குள் இருந்தாலும் அதற்குக் காது கேட்கும்.

மேஜைக்கடியில்:
லாக்கர் என்பதே வலைதான், என்னைக் கேட்டால். உள்ளே போய்விட்டால் வேறு வழி கிடையாது, அது முன்னால் வந்து நின்றால் பின்னால் சாய்ந்து மூச்சைப் பிடிக்க வேண்டும், அதிகநேரம் பிடித்தால் ஹெல்த் குறையும். மேஜைக்குப் பின்னால் குனிந்து நின்றால் அது இந்தப் பக்கம் வரும்போது நீங்கள் அந்தப் பக்கம் சுற்றிக்கொள்ளலாம், வாலைப் பார்த்துக்கொண்டே இருங்கள், எந்தத் திசையில் திரும்பப் போகிறது என்பது தெரிந்துவிடும்.

கூரையில் எச்சில் வடியும் வென்ட்டுக்குக் கீழே போகவே போகாதீர்கள். உங்களைத் தொப்பென்று பிடித்தது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் அசைவதைக் காட்டும் கையடக்கக் கருவியான மோஷன் டிராக்கரை நம்பிப் பயனில்லை, அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று காட்டாது. அது பக்கத்தில் இருக்கும்போது டிராக்கரை எடுக்கவும் வேண்டாம், அந்த பீப் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

சேவ்பிரியன்:
இதெல்லாம் சரி, ஆனால் சேவ் செய்வதைப் பற்றி யாருமே பேசவில்லையே? சுவரில் இருக்கும் சேவ் கருவியில் கார்டைச் செருகி மூன்று விளக்கும் எரியும்வரை நிற்க வேண்டும், அந்தச் சில வினாடிகளில் முதுகில் வால் பாய்ந்தால் போச்சு. ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக் என்ற இன்னொரு திகில் கேமில் மிஸ்டர் எக்ஸ் என்ற ராட்சத வில்லன் துரத்தினாலும் சேவ் அறைக்குள் போய்விட்டால் நிம்மதியாக மூச்சு விடலாம், போதாததற்குக் காலடிச் சத்தம் கட்டிடம் முழுக்கக் கேட்கும், நிறையச் சுட்டால் கொஞ்சநேரம் மண்டியும் போடுவான். இங்கே அந்தச் சலுகை எதுவும் இல்லை. அதனால்தான் இது எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

அப்புறம் மைக் சத்தத்தைக் கேட்கும் வசதி ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்கள் தும்மினாலும் வந்துவிடும்.

பூட்டியகதவு:
மைக் ஆஃப்தான். மேஜை யோசனையில் பாதி தூரம் வந்துவிட்டேன். கையில் ரிவால்வர் இருக்கிறதே, அதை வைத்து ஒன்றுமே செய்ய முடியாதா?

நிழல்நடை:
ஏலியனைச் சுட்டு ஒரு பயனும் இல்லை, இருக்கும் இடத்தை நீங்களே கூப்பிட்டுச் சொல்வதுபோல் ஆகிவிடும். பின்னால் ஃபிளேம்த்ரோவர் (நெருப்பைப் பீச்சும் கருவி) கிடைக்கும், நெருப்பைக் கண்டால் ஓடும். அதையும் கண்டபடி அடிக்காதீர்கள், ஆரம்பத்தில் பூட்டி வைத்திருக்கும் ஏலியனின் நடத்தைகள் போகப்போகத் திறந்துகொண்டே வரும், நெருப்புக்கும் பழகிவிடும். குறுகிய பீச்சு ஒன்று, உடனே இடத்தை மாற்றுங்கள்.