புதுப்பிப்பு: காரைக்குடியில் வாங்கிய லட்சுமி படம்

காரைக்குடி பழம்பொருள் கடையில் வாங்கிய லட்சுமி படம் அசல் ரவிவர்மா அச்சகப் படம்தானா என்று முன்பு கேட்டிருந்தேன். அசல்தான்! லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இப்போதைய ஆஃப்செட் அச்சில் நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். இதில் சிறிதும் பெரிதுமாகச் சிதறிக் கிடக்கின்றன. கல்லில் கையால் வரைந்து அச்சிடும் கல்லச்சின் அடையாளம் அதுதான். அடியில் ‘ரவி வர்மா பிரஸ், கார்லா-லோனாவ்லா’ என்றும் இருக்கிறது. அச்சகம் 1894இல் மும்பையில் தொடங்கி, பிறகுதான் அங்கே போனது. எனவே இது முதல் வருடங்களின் அச்சு அல்ல. அந்த வரியை மட்டும் நம்பி யாரும் வாங்கிவிடாதீர்கள், படத்தோடு சேர்த்து அதையும் நகலெடுத்துவிடலாம். புள்ளிகளைப் பாருங்கள்.

சேலையில் ஒட்டிய ஜிகினாவை எடுத்துவிடச் சொன்ன நண்பருக்கு: எடுக்க மாட்டேன். இந்தப் படங்களை ஜிகினா, துணி ஒட்டி அலங்கரிப்பது அந்தக் கால வழக்கம். எனக்கு அதுதான் இதில் ரொம்பப் பிடித்ததே.