“கோத்தகிரி குடும்பம்” குழு: சுகர்னு எழுதலாமா?

சேகர், இரவு 8:05
அப்பாவுக்கு இன்சூரன்ஸ் போட ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். ‘ஃபாரத்துல சுகர்னு எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்’ங்கறார். விட்டுரலாமா சுதாக்கா?

சுதா, 8:09
விடாதே. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல தினம் பாக்கற கூத்து இது. அட்மிஷன் அன்னைக்கு டாக்டர் கேஸ் ஷீட்ல ‘12 வருஷமா சுகர்’னு எழுதுவார். கம்பெனிக்காரன் அந்த ஒரு வரியைத்தான் தேடுவான். கடைசில கிளெய்மும் போச்சு, பாலிசியும் போச்சு.

சேகர், 8:11
5 வருஷம் கட்டிட்டா கேக்கவே முடியாதாமே?

சுதா, 8:14
60 மாசம் விடாம கட்டினா பழசைத் தோண்டக் கூடாதுங்கறது நிஜம்தான். 2024 வரைக்கும் அது 8 வருஷம். ஆனா வேணும்னே ஏமாத்தினதா நிரூபிச்சா அப்பவும் தள்ளலாம். அதுவரைக்கும் ஒண்ணும் வராதுன்னு சித்தப்பாகிட்ட எழுதி வாங்கிக்கறியா?

மணி, 8:15
எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்

லட்சுமி, 8:16
ஆமா நல்லா இருக்காரு. தேயிலைச் செடி கவாத்து வெட்டப் போனப்ப பூட்ஸ் கடிச்சு கட்டைவிரல்ல கொப்புளம். ரெண்டு வாரம் ஆச்சு. வலிக்கவே இல்லையாம்.

சுதா, 8:17
வலிக்கலைங்கறதுதான் சித்தி எனக்குப் பயம். சுகர்ல கால் மரத்துப் போனா புண்ணு வலிக்காது

சேகர், 8:20
சரி, உண்மையை எழுதினா?

சுதா, 8:24
சுகர் சம்பந்தப்பட்ட கிளெய்முக்கு அதிகபட்சம் 3 வருஷம் காத்திருக்கணும். 2024 ஏப்ரலுக்கு முன்னாடி 4. சுகர்காரங்களுக்குன்னே தனி பாலிசியும் இருக்கு, சிலதுல முதல் நாள்லேர்ந்தே உண்டு, காசுதான் கூட. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22லேர்ந்து 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது, அந்த மட்டும் லாபம்.

முருகேசன், 8:26
எதுக்குடா பிரைவேட்டு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை 5 லட்சம். போன வருஷம் எனக்கு விரல் எடுத்தப்ப ஒத்த பைசா கேக்கலை.

சேகர், 8:27
எங்க ரேஷன் கார்டுல என் சம்பளமும் சேருது பெரியப்பா. வருஷத்துக்கு 1,20,000க்கு மேல போனா அட்டை கிடையாது.

சுதா, 8:29
அப்பா, விரலை எடுத்ததுக்குத்தான் கேக்கலை. அதுக்கு முன்னாடி 8 மாசம் புண்ணுக்குக் கட்டு, மூணு மாச சுகர் டெஸ்ட், ஸ்ட்ரிப்பு எல்லாம் யார் கைக்காசு?

முருகேசன், 8:34
என்னுதுதான். குன்னூர் போய்ட்டு வர ஒரு நாள் கூலி போயிரும். ரெண்டு மூணு தடவை கட்டு மாத்தப் போகாம விட்டுட்டேன். உங்கம்மாகிட்ட போயிட்டு வந்தேன்னு சொன்னேன்.

சுதா, 8:35
இது எனக்கே இப்பதான்பா தெரியும்

லட்சுமி, 8:38
அப்ப இவரை ஒரு நாள் அட்மிட் பண்ணி எல்லா டெஸ்டும் எடுத்துட்டா இன்சூரன்ஸ்ல வராதா?

சுதா, 8:42
டெஸ்டுக்காக மட்டும் படுத்தா தர மாட்டாங்க சித்தி. நீங்க கேக்கறதுல தப்பில்லை, வர்றவங்க பாதிப் பேர் இதைத்தான் கேக்கறாங்க. அட்டையோ பாலிசியோ, பெரும்பாலும் ஆள் படுத்தாத்தான் கண்ணைத் திறக்கும். விரலை வெட்ட ஆயிரக்கணக்குல கொடுப்பான், வெட்டாம இருக்கறதுக்கான மாத்திரைக்குக் கொடுக்க மாட்டான். அப்படி எழுதி வெச்சுட்டு ஜனங்க பொய் சொல்லி அட்மிட் ஆகறாங்கன்னு வேற புலம்பல்.

சுதா, 8:44
ஒண்ணு மட்டும். நிஜமாவே அட்மிட் ஆனா டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள் மருந்து பில்லு நிறைய பாலிசியில உண்டு. யாரும் வாங்கறதில்லை. பில்லைத் தொலைக்காதீங்க.

லட்சுமி, 8:47
மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை கொண்டு வர்ற பொண்ணு காலைப் பாத்துட்டு அன்னைக்கே ஜி.எச். போகச் சொல்லிச்சு. ரெண்டு மாச மாத்திரையை வாங்கி வெச்சுக்கிட்டாரு, போகலை.

மணி, 8:48
மழைல

லட்சுமி, 8:48
மழை நின்னு ஆறு நாள் ஆச்சு

சுதா, 8:51
சித்தப்பா, நாளைக்கு போறீங்க. கால், கண்ணு ரெண்டும் பாக்கச் சொல்லுங்க. அங்க காசு கிடையாது.

முருகேசன், 8:53
நான் கூட்டிட்டுப் போறேன். ஏழரை பஸ்ஸுக்கு வந்துரு மணி.

சேகர், 9:02
ஃபாரத்துல சுகர்னு எழுதிட்டேன். ஏஜென்ட் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டார்.

சுதா, 9:03
எத்தனை வருஷமா, என்ன மாத்திரைன்னு அதையும் எழுது. சித்தப்பா, ரத்தம் எடுப்பாங்க, காலைல வெறும் வயித்தோட போங்க.

மணி, 9:05
டீ கூடவா

சுதா, 9:05
டீ கூடத்தான்