தூக்கமின்மைக்குக் கைபேசிதான் காரணமா?

விடியல்:
இரவில் தூக்கம் வரவில்லை என்று இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறார்களே தவிர, படுக்கையில் கையோடு இருக்கும் கைபேசியைப் பற்றி வாய் திறப்பதில்லை. வெளிச்சத்தின் அளவை மூளைக்குத் தெரிவிப்பதற்கென்றே விழித்திரையில் தனிச் செல்கள் உள்ளன. ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால் அவை மிகுதியாகத் தூண்டப்பட்டு, இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகின்றன. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைத்துவிட்டால் வேறு சிகிச்சையே தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து.

நிலாமுற்றம்:
கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்து ஓராண்டு ஆன பிறகும் நான் இரண்டு மணி வரை விழித்துக்கிடந்தேன். மாலைக் காபியையும் விட்டேன். கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் அது ஓரளவு உதவியது, அவ்வளவுதான். இழந்த தூக்கத்தை ஈடுகட்ட ஒன்பது மணிக்கே படுத்ததும், விடுமுறை நாள்களில் வெயில் ஏறும்வரை எழாமல் கிடந்ததும், மணிக்கொரு முறை கடிகாரத்தைப் பார்த்து எஞ்சிய நேரத்தைக் கணக்கிட்டதுமே என் தூக்கத்தைக் கெடுத்தன. தூக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் விளக்கியது இதைத்தான்: தூக்கமின்மையைத் தொடங்கிவைக்கும் காரணம் வேறு, அதை நீடிக்கச் செய்யும் காரணம் வேறு. என் தூக்கமின்மையைத் தொடங்கிவைத்த வேலைச் சிக்கல் மூன்றே மாதத்தில் தீர்ந்தது. படுக்கையைக் கண்டாலே விழித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

விடியல்:
ஒளியைப் பற்றிச் சற்று மிகைப்படுத்திவிட்டேன். பகலில் நல்ல வெளிச்சத்தில் இருப்பவரைத் திரையின் ஒளி அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் நள்ளிரவில் வந்து சேரும் அலுவலகச் செய்தியும் முடிவில்லாத வாக்குவாதமும் மனத்தை எழுப்பிவிடுவது ஒளியால் அன்று. அந்தக் குற்றச்சாட்டை நான் விலக்கிக்கொள்ளவில்லை.

தென்றல்:
இருவரும் பழக்கத்தையே பேசுவது எனக்கு வருத்தமளிக்கிறது. என் தந்தையார் தூங்கும்போது உரத்த குறட்டை திடீரென நின்று, பிறகு மூச்சுத் திணறி விழிப்பார். பகலெல்லாம் கண் சொருகும். உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் அது என்று பரிசோதனையில் தெரியும்வரை, அவர் கட்டுப்பாடில்லாமல் வாழ்வதாகவே நாங்கள் கடிந்துகொண்டிருந்தோம். இரும்புச்சத்துக் குறைவால் இரவில் கால்கள் அமைதியிழந்து தவிப்பவர்களும் உண்டு. இவர்களிடம் ஒழுக்கத்தைப் போதிப்பது அநீதி.

நிலாமுற்றம்:
மிகச் சரி. அத்தகைய அறிகுறி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். நான் சொல்வது, வேறு நோய் எதுவும் இல்லாமல், வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேல் தூக்கம் கெடுபவர்களைப் பற்றியே. இத்தகையோருக்கு மாத்திரைக்கு முன்பாகத் தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சையையே மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. படுக்கையில் கழிக்கும் நேரத்தைக் குறைப்பது, தூக்கம் வந்தால் மட்டுமே படுப்பது, வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் செல்வது, எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது ஆகியவை அதன் பகுதிகள். முதல் இரண்டு வாரங்கள் எனக்குக் கொடுமையாக இருந்தன; பகலில் தள்ளாடினேன். ஆகவே வாகனம் ஓட்டுபவர்கள் தாமாகவே படுக்கை நேரத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. விடியல், கைபேசியை அணைத்துவிட்டு அதே படுக்கையில் விழித்துக்கிடப்பவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

விடியல்:
எழுந்துவிடச் சொல்வேன். கைபேசியை எடுக்காமல் எழச் சொல்வேன்.