நன்றாகத் தின்னும், ஆனாலும் உருகிப் போகும்: ஜோனிஸ் நோயில் பார்த்ததும் செய்ததும்

தீனி குறையவில்லை, காய்ச்சல் இல்லை, மாடு மட்டும் உருகிக்கொண்டே போகிறது என்றால் முதல் சந்தேகம் ஜோனிஸ் நோய் மேல் வரணும், இது மாடு, ஆட்டின் குடலில் கிருமியால் வரும் தொற்றுநோய். கழிச்சலுக்கு மருந்து கொடுத்தால் நாலு நாள் நிற்கும், மறுபடி தண்ணியாகப் பீய்ச்சும். பிறகு தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கும். பெரும்பாலும் கன்று ஈன்ற சில வாரங்களில் வெளிப்படும். ஆனால் கிருமி உள்ளே போனது அது கன்றாக இருந்தபோதே. இடையில் 2 முதல் 5 வருஷம் வெளியே ஒன்றும் தெரியாது. குணப்படுத்த மருந்து கிடையாது, வீணாகச் செலவு செய்யாதீங்க.

*

செம்மறியில் கழிச்சலை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீங்க. பல ஆடுகள் கடைசிவரை புழுக்கைதான் போடும், உடம்பு மட்டும் வற்றும். குடற்புழு, ஈரல் தட்டைப்புழு, தேய்ந்த பல் மூன்றையும் பார்த்துவிட்டு இதற்கு வாங்க. செத்த ஆட்டை, மாட்டை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்க. சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் கீறி இரண்டு கையாலும் இழுத்தால் நல்ல குடலின் மடிப்பு விரிந்து மட்டமாகும். நோய்க் குடல் தடித்து, எவ்வளவு இழுத்தாலும் மடிப்பு மடிப்பாகவே நிற்கும். செம்மறியில் தடிப்பு லேசாகத்தான் இருக்கும், அதனால் குடலையும் பக்கத்து நிணநீர்க் கட்டியையும் ஆய்வகத்துக்கு அனுப்பணும்.

*

எலிசா (ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை) 'நெகட்டிவ்' என்று வந்ததும் நிம்மதி அடைந்துவிடாதீங்க. ஆரம்ப நிலை மாட்டில் எதிர்ப்பொருளே (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) இருக்காது. வருஷம் ஒரு தடவையாவது மந்தை முழுக்க ரத்தம் எடுத்து, பாசிட்டிவை சாணப் பிசிஆரில் (சாணத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) சரிபாருங்க. சாணத்திலிருந்து கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில், சில சமயம் 16 வாரம்கூட ஆகும். காசநோய்த் தோல் பரிசோதனை செய்த மாட்டில் எலிசா தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம், மூன்று மாதம் விட்டு ரத்தம் எடுங்க.

*

என் கணிப்பில் பாதிப் போர் ஈனும் கொட்டிலில்தான். சாணம் அப்பிய காம்பைக் கன்று ஒரு தடவை சப்பினால் போதும். ஈனும் இடத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் புது வைக்கோல், காம்பைக் கழுவித் துடைக்கணும், நோயுள்ள மாட்டை அங்கே கட்டவே கூடாது. கன்றை உடனே பிரித்து, பரிசோதனையில் நோயில்லை என்று வந்த ஒரே தாயின் சீம்பாலை, 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர், ஆறு மணி நேரத்துக்குள் கொடுங்க. பல மாட்டுச் சீம்பாலைக் கலந்தால் ஒரு மாட்டின் நோய் எல்லாக் கன்றுக்கும் போகும். சூடாக்குவதானால் 60 டிகிரியில் 60 நிமிடம். அதைத் தாண்டினால் எதிர்ப்பொருள் கெட்டு, பால் கெட்டியாகிவிடும். நோயுள்ள தாயின் கன்று வயிற்றிலேயே தொற்று வாங்கியிருக்கலாம். எவ்வளவு அழகான கிடேரியானாலும் மந்தைக்கு நிறுத்தாதீங்க, மனசு கேட்காதுதான்.

சாணக் கரைசலைக் கன்று மேயும் புல்லில் விடவேண்டாம். கிருமி மண்ணிலும் குட்டையிலும் ஒரு வருஷம்வரைகூடத் தாங்கும்.

*

செம்மறிக்குத் தடுப்பூசி அனுமதி இருக்கும் இடத்தில் குட்டிக்கு 4 முதல் 16 வார வயதுக்குள் 1 மில்லி, காதுக்குப் பின்னால் கழுத்தில் தோலுக்கடியில் போடுவார்கள். புழுக்கையில் கிருமி வெளியேறுவது குறையும், அடியோடு நிற்காது. போட்ட ஆட்டுக்கு எலிசா பயன்படாது. மருந்தில் எண்ணெய் இருப்பதால் ஊசி தவறி உங்கள் விரலில் இறங்கினால் சின்னக் குத்து என்று விடாதீங்க. மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அப்போதே டாக்டரிடம் போங்க, தாமதித்தால் விரலே அழுகிப்போகலாம்.