புதுப்பிப்பு: நித்திரையும் இல்லை, செபிக்கவும் ஏலாமக் கிடந்தது

போன மாசம் கடனும் அம்மான்ர வருத்தமும் சேர்ந்து நித்திரை இல்லை, செபிக்க வாயே வருதில்லை எண்டு இங்க எழுதினனான், மறுமொழி போட்ட எல்லாருக்கும் நன்றி. உபவாசம் இருந்து பாத்தன், எனக்குத் தலையிடிதான் மிச்சம். சரிவந்தது ஒரு அக்கா சொன்னது: படுக்க முதல் பைபிள்ல மத்தேயு 11:28 (பாரஞ் சுமக்கிற எல்லாரும் என்னட்ட வாங்கோ, இளைப்பாறுதல் தருவன் எண்டு இயேசு சொல்லுற வசனம்) மட்டும் ஆறுதலா வாசியுங்கோ, பிறகு பாரம் ஒவ்வொண்டையும் பேர் சொல்லி ஆண்டவரிட்டக் குடுங்கோ எண்டு. ரெண்டு கிழமை ஒண்டும் நடக்கேல்லை, மூண்டாங் கிழமை அடகு ரசீதைக் கையில வச்சுக்கொண்டு அழுதிட்டன், அண்டைக்குத்தான் விடியுமட்டும் நித்திரை.

எதிர்பாராதது, அடுத்த வசனத்தில நுகத்தையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கிடக்கு! அப்பப்பான்ர வண்டில் நுகத்தில ரெண்டு மாடு பூட்டுறது ஞாபகம் வந்திச்சு, மற்றப் பக்கம் ஆண்டவர் இழுக்கிறார் போல. அம்மாக்கு இப்ப பரவாயில்லை, கடன் அப்பிடியேதான் கிடக்கு.