கணித அச்சம் நீங்க வாய்ப்பாடு உதவுமா, தடையாகுமா?

பெரம்பூர் தந்தை:
ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கணிதத் தேர்வன்று காலையில் வயிற்றுவலி வந்துவிடுகிறது. கடிகாரத்தை எதிரில் வைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்ன டியூஷனில்தான் இது தொடங்கியது. டியூஷனை நிறுத்திவிட்டேன். வாய்ப்பாட்டையும் நிறுத்திவிடலாமா?

மயிலை ஆசிரியர்:
வாய்ப்பாட்டை நிறுத்தாதீர்கள். ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ நாவில் தானாக வராத பிள்ளை, 87ஐ 48ஆல் பெருக்கும்போது நடுவில் நின்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவாள். எண்ணி முடிப்பதற்குள் கையில் ஐந்து வைத்திருந்ததே மறந்துபோகும். திண்ணைப் பள்ளிகளில் 320இல் ஒரு பங்கான முந்திரி வரை எண்சுவடி என்னும் பழைய வாய்ப்பாட்டு நூலை மனப்பாடம் செய்வித்தவர்கள் பிள்ளைகளை வதைக்க அதைச் செய்யவில்லை. அடிப்படை கைவசம் இருந்தால் அச்சம் தானே விலகும்.

வியாசர்பாடி மாலை வகுப்பு:
ஐயா, இதை என்னால் ஏற்க இயலவில்லை. கணித அச்சம் மிகுந்தவர்கள், வேறொன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு கூட்டல் செய்யும்போது, குறிப்பாகக் கையில் வைத்துக் கூட்டும் கணக்குகளில், மிக அதிகமாகத் தவறுகிறார்கள் என்று மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கணக்கிற்கு நினைவில் வேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது.

எங்கள் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் தாயின் காய்கறிக் கடையில் எடை போடுகிறாள். கால் கிலோவும் அரைக் கிலோவும் சேர்ந்தால் முக்கால் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளே தாளில் 1/4 + 1/2 = 2/6 என்று எழுதினாள். அது மூன்றில் ஒரு பங்கு. சேர்ப்பதற்கு முன் இருந்த அரையைவிடக் குறைவு. ‘தக்காளியைச் சேர்த்த பிறகு எடை குறையுமா?’ என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். கடையில் தெரிந்த கணக்கும் தாளில் இருக்கும் கணக்கும் ஒன்றே என்று அவளுக்கு அதுவரை யாருமே சொல்லவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

மயிலை ஆசிரியர்:
நல்ல எடுத்துக்காட்டு, அம்மா. ஆனால் 5/12 + 3/8 எந்தத் தராசில் நிற்கும்? பன்னிரண்டும் எட்டும் 24இல் சந்திக்கின்றன என்பதைக் காண வாய்ப்பாடுதானே வேண்டும்?

வியாசர்பாடி மாலை வகுப்பு:
வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எது முதலில் என்பதே என் வாதம். இரண்டு பின்னங்களும் அரைக்குச் சற்றுக் குறைவானவை, ஆகவே விடை ஒன்றை நெருங்கும் என்று அவள் முதலில் உணரட்டும். பிறகு 8/20 என்று எழுதினாலும், அது அரைகூட இல்லையே என்று தானே ஐயுறுவாள். அந்த ஐயத்திற்குக் கடிகாரம் இடம் தராது.

பெரம்பூர் தந்தை:
அதே கணக்கை நேற்றிரவு நேரம் குறிக்காமல் கொடுத்தேன். அவளும் 8/20 என்றே எழுதினாள். விடை அரைக்கு மேலா, கீழா என்று மட்டும் கேட்டேன்; சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டுத் தானே அழித்தாள். நோட்டின் பின்னட்டையில் உள்ள பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பார்க்கச் சொன்னேன். 19/24 வந்தது.

மயிலை ஆசிரியர்:
பார்க்கட்டும், தவறில்லை. ஒரு மாதம் கழித்துப் பின்னட்டையை மூடிவைத்து அதே கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், கடிகாரம் வேண்டாம்.