இரைகொல்லிப் பறவைகள் வெப்பமண்டலத்தில் குவிவது ஏன்?

வணக்கம் நண்பர்களே, ஒரு சின்ன உதவி. கழுகு, பருந்து, வல்லூறு வகைகள் எங்கே அதிகம் என்று வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகளில் குவிகின்றன. நியூசிலாந்திலோ பகலில் வேட்டையாடி, அங்கேயே கூடு கட்டுபவை இரண்டே வகை: ஒரு வல்லூறு, ஒரு பூனைப்பருந்து. தீவு தனித்துக் கிடப்பதால் என்பது சரி.

வெப்பமண்டலக் குவிப்புக்குத்தான் விளக்கம் வேண்டும். ஆண்டு முழுக்க இரை கிடைப்பதாலா, அல்லது அங்கே பழைய இனங்கள் அழியாமல் தங்கிவிட்டதாலா?

அப்புறம் வலசை வேறு குழப்புகிறது. அமூர் வல்லூறு கிழக்கு ஆசியாவில் கூடு கட்டி, நாகாலாந்து வழியாகத் தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. அதை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? கூடு கட்டும் இடத்தையும் குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்தையும் தனித்தனி வரைபடமாகப் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.